அக்கா திட்டவில்லை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒரு வார்த்தை கேட்கும் முன்பே ஒன்றரைப் பக்கத்துக்கு அர்ச்சனை. கையுறை போடாமல் குளிர்க் கிடங்குக்குள் போனேன் என்று போன கடிதத்தில் வாய் தவறி எழுதிவிட்டேன், அதற்கு இந்தப் பாடா? "உன் தலைக்குள் மூளை இருக்கிறதா, இல்லை அங்கேயும் உறைந்த பட்டாணியைத்தான் அடுக்கி வைத்திருக்கிறார்களா" என்று நீ எழுதியதை அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பெரியவர் சிரித்த சிரிப்பில் டீ முழுவதும் போர்வையில் கொட்டிவிட்டது. அதற்கும் நீதான் பொறுப்பு.

எங்கள் அறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு ஜன்னல், மூன்று அடுக்குக் கட்டில்கள், ஆறு பேர். ஜன்னலைத் திறந்தால் கிடங்கின் பின்சுவர் முகத்தில் இடிக்கும். பெரியவர் உண்மையிலேயே வயதில் பெரியவர். இருமியே எங்களை எழுப்பிவிடுவார். வக்கீல் சட்டம் படித்தவர் அல்ல. எதைச் சொன்னாலும் "அப்படி இல்லை" என்றுதான் ஆரம்பிப்பார், அதனால் வந்த பெயர். என் மேல்கட்டிலில் இருப்பவரைச் சாமியார் என்கிறோம். அதிர்ந்து பேசமாட்டார், கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார், கிழிந்த சட்டையைத் தானே தைத்துக்கொள்வார். மற்ற இருவரும் வேலை முடிந்து வந்தால் கட்டையாகச் சாய்ந்துவிடுவார்கள். அவர்களைப் பற்றி எழுத எனக்கே ஒன்றும் தெரியாது.

எனக்கு ஒரு பதவி உயர்வு வந்திருக்கிறது. கிடங்கில் இல்லை, அறையில். கம்பெனியில் நிரந்தரமானவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்குக் காண்டிராக்டர் சம்பளத்தைக் கையில் காசாகக் கொடுக்கிறார். வங்கியில் கணக்குத் திறக்கப் போனால் அந்தக் காகிதம் எங்கே, இந்தக் காகிதம் எங்கே என்று விரட்டுகிறார்கள். அதனால் இப்போது எல்லோர் பணமும் என் கணக்குக்கு வந்து, என் பெயரில் அவரவர் வீட்டுக்குப் போகிறது. அறையில் எல்லோரும் என்னை மேனேஜர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சின்ன வயதில் கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைத் தொலைத்துவிட்டு வருவேன் என்று சொல்லிக் காட்டுவாயே, இப்போது பார்த்தாயா?

"போன்ல பேசிட்டாப் போச்சு, எதுக்குங்க இந்தத் தபால் வேலை?" என்று வக்கீல் கேட்கிறார். நான் எழும்போது நீ அலுவலகத்தில் இருக்கிறாய், அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நீ வீட்டுக்கு வரும்போது நான் கிடங்குக்குள். அதோடு போனில் திட்டினால் காற்றோடு போய்விடும். காகிதத்தில் என்றால் மனசு சரியில்லாத நாளில் எடுத்துப் படிக்கலாம். எல்லாம் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

மாமாவையும் குட்டிப் பிசாசையும் கேட்டதாகச் சொல்.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்
தம்பி


ஜனவரி 23

மேனேஜர் ஐயா அவர்களின் சமூகத்துக்கு,

உனக்குப் புத்தி எந்தக் காலத்தில்தான் வரப்போகிறது? ஐந்து பேர் பணத்தை உன் கணக்கில் வாங்கி, உன் பெயரில் அனுப்புகிறாயாமே. அதைப் பெருமையாக வேறு எழுதுகிறாய். அடே, உன் அக்கா எங்கே வேலை பார்க்கிறாள் என்பதாவது நினைவிருக்கிறதா? யார் பணம் யார் பெயரில் எங்கே போகிறது என்று தேடுவதுதான் என் பிழைப்பு. நீ இருக்கும் நாட்டுக்காரர்கள் எங்களுக்கு எழுதிக் கேட்பார்கள், நாங்கள் அவர்களுக்கு எழுதிக் கேட்போம். கள்ளப் பணத்துக்கு விசா வேண்டாம். அதைத் துரத்திப் போகும் எங்களுக்குத்தான் ஆயிரம் கையெழுத்து. குண்டு வைக்கிறவனுக்குப் போகும் பணமும் மூட்டையாகப் போகாது. சின்னச் சின்னதாக, சாதுவாக, உன் மாதிரி அசடு ஒன்றின் பெயரில்தான் போகும். நல்ல பிள்ளையாக எல்லோரையும் ஆளுக்கொரு கணக்குத் திறக்கச் சொல். காகிதம் கேட்டால் காகிதத்தைக் கொடுக்கட்டும். உன் பெயரை இரவல் கொடுக்காதே. அம்மா அந்தப் பெயரை வைக்க எத்தனை நாள் யோசித்தாள் தெரியுமா?

வக்கீல் இதற்கும் "அப்படி இல்லை" என்றால் அவரை எனக்கு எழுதச் சொல். அவருக்கும் சேர்த்துத் திட்டு என்னிடம் இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரருக்கு வேலை போய்விட்டது. பாவம், நல்ல மனிதர். அவருடைய வீட்டு ஓனர் பெயர் ஏதோ கோப்பில் வந்திருக்கிறது. இவர் வாடகை கொடுக்கப் போனபோது, "கொஞ்ச நாளைக்கு அந்தக் கணக்குல எதுவும் போடாதீங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். ஓனர் மறுநாளே கணக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு மறைந்துவிட்டார். இவர் இப்போது கோர்ட்டுக்கு நடக்கிறார். விசாரணையில் இருக்கிறவருக்கு நாங்கள் கண் ஜாடைகூடக் காட்டக்கூடாது. அது வேலை போகிற குற்றம் மட்டுமில்லை, உள்ளே போகிற குற்றம். அவருடைய மேஜையில் இருந்த டீ டம்ளர் இன்னும் அங்கேயே இருக்கிறது. எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

வீட்டில் குளியலறைக் கூரை ஒழுகுகிறது. மேல்வீட்டுக்காரர் "எங்க வீட்ல தண்ணியே வர்றதில்ல, உங்க வீட்ல எப்படி ஒழுகும்?" என்கிறார். மாமா வாளி வைத்துப் பிடிக்கிறார். குட்டிப் பிசாசுக்கு முன்பல் ஆடுகிறது. லிஃப்ட் வழக்கம் போல் உறங்குகிறது.

கையுறை போடு. போடாவிட்டால் விரல் கறுத்து விழும். விழுந்த விரலை எடுத்துக்கொண்டு என்னிடம் வராதே.

உன் அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

அருமையான அர்ச்சனை. வக்கீல் தன் பங்கைக் கேட்டு ஆடிப்போய்விட்டார். "உங்கக்கா முன்னாடி நான் வாயே திறக்கமாட்டேங்க" என்கிறார். அறையில் முதல்முறையாக அமைதி.

நீ சொன்னபடி எல்லோரையும் வங்கிக்கு அழைத்துக்கொண்டு போனேன். நம்பு. விடுமுறை நாளில் ஆறு பேரும் குளித்துத் தலைவாரிப் போய் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் காண்டிராக்டர் கடிதம் வேண்டும் என்றாள். காண்டிராக்டர், "கடிதம் கிடிதம்னு வந்தா நாளையிலிருந்து வேலைக்கு வரவேணாம்" என்றார். நான் என்ன செய்ய? பெரியவர் வீட்டில் மகளுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டும். என் பெயர் கொஞ்சம் தேய்ந்தாலும் பரவாயில்லை அக்கா.

யார் யாருக்குப் போகிறது என்று நீ பயப்படாதே. அவரவர் மனைவிக்கும் அம்மாவுக்கும்தான். சாமியார் ஒருவர்தான் விதிவிலக்கு. அவருக்கு வீட்டில் யாரும் இல்லை. உங்கள் பக்கத்தில் இருக்கும் ஏதோ நிவாரண அறக்கட்டளைக்கு அனுப்புகிறார். சண்டையில் அநாதையான பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்களாம். சில மாதம் அவருடைய சம்பளத்தைவிட அதிகமாகவே கொடுப்பார். கேட்டால், "வெளியில நாலு நல்லவங்க சேர்ந்து குடுத்தாங்க, எல்லாம் பிள்ளைங்களுக்குத்தான்" என்பார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதர். அவரைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது, போன மாதம் நான் புதிதாகச் செருப்பு வாங்கினேன்.

கையுறை போடுகிறேன். விரல்கள் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம்.

குளியலறை ஒழுகல் நின்றுவிட்டது. மேல்வீட்டுக்காரரே ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டார். நல்ல மனிதர். குழந்தைக்கு முன்பல் விழுந்துவிட்டது.

நீ உன் வேலையைப் பொறுப்பாகச் செய்கிறாய் என்பது எனக்குத் தெரியும். குளிருக்குக் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்
அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதியது யார்? மரியாதையாகக் கேட்கிறேன், என் அக்காவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?

முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன், உறையைக் கிழித்து உள்ளேகூடப் பார்த்தேன். ஒரு மடையன் இல்லை, ஒரு அசடு இல்லை. "மிக்க மகிழ்ச்சி"யாம். மேல்வீட்டுக்காரர் "நல்ல மனிதர்" ஆம். வாசிக்கச் சொல்லிச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஏமாந்துபோய்ப் படுத்துவிட்டார்கள். பெரியவர் மட்டும், "தம்பி, அக்காவுக்கு என் மேலே எதுவும் வருத்தமா?" என்று கேட்டார்.

சாமியார் விஷயத்துக்காவது நீ ஒரு பக்கம் வாங்கு வாங்கு என்று வாங்குவாய் என்று எதிர்பார்த்தேன். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வங்கிக்குப் போய் வந்ததைப் பற்றியும் இல்லை. கோபமா? நீ சொன்ன பேச்சை நான் கேட்கவில்லை என்று விட்டுவிட்டாயா? கோபம் என்றால் கோபப்படு. இப்படி எழுதாதே.

அடுத்த கடிதத்தில் இரட்டிப்பாக வேண்டும்.

தம்பி


மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

உன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. திட்டியதெல்லாம் வாய்ப் பேச்சு. அதை நீ மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது.

அலுவலகத்தில் வேலை அதிகம். அதனால் நீளமாக எழுத முடியவில்லை. பெரியவரிடம் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்று சொல்.

நீ சின்ன வயதில் மீதிச் சில்லறையைத் தொலைத்தது உன் தப்பில்லை. உன் சட்டைப்பையில் ஓட்டை இருந்தது. அதைத் தைக்காமல் விட்டது நான்தான். இதை இத்தனை நாள் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன்.

நீ நல்ல பிள்ளை. நன்றாகச் சாப்பிடு. தூக்கம் முக்கியம்.

அன்புடன்
அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

உண்மையைச் சொல்லிவிடு. உடம்புக்கு என்ன?

உன் கடிதத்தை நான் யாருக்கும் வாசிக்கவில்லை. கிடங்கின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நானே படித்தேன். படிக்கப் படிக்க அம்மாதான் நினைவுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அம்மா திட்டுவதை நிறுத்தினாளே, ஞாபகம் இருக்கிறதா? வாழ்நாள் முழுவதும் நம்மைக் கரித்துக் கொட்டியவள், திடீரென்று "நீ நல்ல பிள்ளைடா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ வராந்தாவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாய்: "அம்மா திட்டலைடா. எனக்குப் பயமா இருக்கு." நாம் பயந்தது போலவே ஆயிற்று.

நீ அம்மாவின் மகள். எனக்குத் தெரியும்.

வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு உன் வீட்டுக்குப் போன் செய்தேன். மாமா எடுத்தார். அக்காவைக் கூப்பிடுங்கள் என்றேன். உள்ளே போய்விட்டு வந்து, "குளிச்சுக்கிட்டிருக்கா" என்றார். பின்னால் நீ குட்டியிடம் பேசுவது எனக்குக் கேட்டது. "என்ன மாமா ஆச்சு?" என்று விடாமல் பிடித்துக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "எனக்கே தெரியலை மாப்பிள்ளை. சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. கேட்டா ஒண்ணுமில்லைங்கறா. உன் பேச்சை எடுத்தா எழுந்து போயிடறா" என்றார். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

நான் வருகிறேன். ஏப்ரல் 24-க்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கிடங்கில் விடுமுறை கேட்டேன், மாட்டேன் என்றார்கள். போனால் போகட்டும். அவரவர் பணத்தை அவரவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் சேமிப்பு முழுவதையும் எடுத்துவிட்டேன், நாளைக்குத் தருகிறேன் என்றால் ஆஸ்பத்திரிக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். கணக்கு இப்போது காலி. மேனேஜர் பதவியும் காலி.

பெரியவர் தன் கம்பளிச் சட்டையைக் கொடுத்தார். சாமியார் ஒரு உறையைக் கொண்டுவந்து என் பைக்குள் வைத்தார். திறந்து பார்த்தால் கத்தை கத்தையாக இருக்கிறது. "ஐயோ, இவ்வளவு எதுக்குங்க?" என்றேன். "உங்கக்கா எனக்கும் அக்காதான். வைத்தியத்துக்கு வெச்சுக்கோங்க. மிச்சம் இருந்தா என் ஆளுங்க யாராவது வந்து வாங்கிப்பாங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இந்தக் கடிதம் முந்துமோ நான் முந்துவேனோ தெரியாது. எது முதலில் வந்தாலும் கதவைத் திற.

தம்பி


மே 2

அக்காவுக்கு,

இதை என் வக்கீல் மூலம் அனுப்புகிறேன். அறை வக்கீல் இல்லை, நிஜ வக்கீல். அதிகாரிகள் படித்த பிறகுதான் உனக்கு வரும்.

விமானம் ஏறும் முன்பே, இங்கே விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். கம்பளிச் சட்டைக்குள் உறை இருந்தது. அவ்வளவு பணத்தை எழுதிக் காட்டாமல் எடுத்துப் போகக் கூடாதாம், எனக்குத் தெரியாது. அங்கிருந்து ஜன்னல் இல்லாத ஓர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். மேஜை தரையோடு திருகி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு அதிகாரிகள், நம் மொழி பேசும் ஒரு மொழிபெயர்ப்பாளர். அவர் குரலைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. ஊர்க்காரர் கிடைத்த மாதிரி இருந்தது.

"உங்களுக்குத் தகவல் குடுத்தது யாரு?" என்று கேட்டார்.

"என்ன தகவல்?"

"உங்க கணக்கை இவங்க பார்த்துக்கிட்டிருக்காங்கன்னு. மாசக்கணக்கா ஒழுங்கா ஓடின கணக்கு. திடீர்னு எல்லாத்தையும் எடுத்துட்டு ஏன் கிளம்பினீங்க?"

"எங்கக்கா திட்டலைங்க. அதான் கிளம்பிட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அடக்கிக்கொண்டார். "என்னங்க இது? இதை நான் எப்படி இவங்ககிட்ட சொல்வேன்?" என்றார். சொன்னதைச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் எழுதினார். மற்றவர் மெதுவாக ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அப்ப திட்டாம எழுதறதுதான் நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சிருந்த அடையாளமான்னு கேக்கறாங்க."

அக்கா, அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இல்லை என்றேன். அம்மா கதையைச் சொன்னேன். அழுதேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். சொல்லச் சொல்ல நாம் இருவரும் ஆழமாக மாட்டிக்கொள்வது போலவே இருந்தது.

மற்றதையெல்லாம் வக்கீல் சொன்னார். சாமியார் அனுப்பிய அறக்கட்டளையில் பிள்ளைகள் யாரும் இல்லையாம். அங்கே போன பணம், அன்றைக்கு நீ எழுதினாயே, அந்தக் குண்டு வைக்கிறவர்களிடம்தான் போயிருக்கிறதாம். ஒவ்வொரு மாதமும் என் பெயரில் போயிருக்கிறது. சாமியாரைப் பிடித்துவிட்டார்கள். நான் தெரிந்து செய்தேனா, தெரியாமல் செய்தேனா என்பதுதான் இப்போது கேள்வி.

பிப்ரவரியிலேயே இங்கிருந்து உங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். கோப்பு உன் மேஜைக்கே வந்ததாம். என் பெயரைப் பார்த்ததும் எழுந்துபோய், "இது என் தம்பி" என்று நீயே சொன்னாயாம். உன்னை அந்த வேலையிலிருந்து விலக்கி, ஒரு சொல் வெளியே போகக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, தம்பிக்குச் சந்தேகம் வராமல் வழக்கம் போல் கடிதம் எழுது என்றார்களாம். ஆக உனக்குத் தெரியும். "மிக்க மகிழ்ச்சி" என்று எழுதும்போதே தெரியும்.

மேஜை மேல் என் கடிதங்களின் நகல்களை வைத்தார்கள். என் கையெழுத்து. பெரியவர் டீ கொட்டிய கதை, செருப்பு வாங்கிய கதை. சாமியாரைப் பற்றி எழுதிய இடத்தில் அடிக்கோடு. நீதான் கொடுத்திருக்கிறாய். எதுவும் தெரியாத காலத்தில் எழுதியவை என்பதால் அவைதான் என்னை வெளியே கொண்டுவரும் என்கிறார் வக்கீல். இருக்கலாம். ஆனாலும் அக்கா, அது நான் உனக்கு எழுதியது.

விசாரணை முடிய ஒரு வருடம்கூட ஆகலாமாம். அதுவரை இந்தக் கட்டடம்தான். உன்னைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. நடந்ததைச் சொல்ல இந்த ஒரு கடிதத்துக்கு வக்கீல் அனுமதி வாங்கினார், இனிமேல் கடிதம் மட்டும் எழுதலாம், வழக்கைப் பற்றி இல்லாமல். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியையும் எடுத்துப்போய்விட்டார்கள். உன் பழைய கடிதம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

எனக்கு உன் மேல் எவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். இனிமேலும் மரியாதையாகத்தான் எழுதப்போகிறாய் என்றால் எழுதவே வேண்டாம்.

தம்பி


மே 17

அடே மடையா,

உனக்கு மீசை முளைத்து என்ன பயன்? யாரோ ஒருத்தன் உறையை நீட்டினால் பையைத் திறந்து காட்டுவாயா? கிழிந்த சட்டையைத் தைத்துப் போட்டால் உத்தமன் என்று அர்த்தமா? அப்படியானால் உலகத்துத் தையல்காரர்கள் எல்லோரும் மகான்களா? உன் பெயரை இரவல் கொடுக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னேனே, காதில் பஞ்சா, பட்டாணியா? சரி, கொடுத்தாய். அத்தோடு விட்டாயா? எனக்கு உடம்பு சரியில்லை என்று உனக்கு யார் சொன்னது? நீ என்ன டாக்டரா? ஒரு கடிதம் கொஞ்சம் மரியாதையாக வந்தால் அக்கா சாகப்போகிறாள் என்று முடிவுகட்டுவாயா? வேலையை விட்டு, சேமிப்பைத் துடைத்து, பெரியவர் சட்டையையும் பிடுங்கிக்கொண்டு ஓடிவருவாயா? உன்னைப் போல் ஒரு முட்டாளைப் பெற்றதற்கு அம்மாவுக்குச் சிலை வைக்க வேண்டும்.

அங்கே தரையில் படுக்காதே. சாப்பாடு பிடிக்கவில்லை என்று ஒதுக்காதே. அந்த மொழிபெயர்ப்பாளரிடம் ஊர்க்கதை பேசாதே. கேட்டதற்குப் பதில், அதற்குமேல் வாய்க்குப் பூட்டு.

வழக்கைப் பற்றி எழுதக் கூடாது. எழுதவில்லை. நீ எழுதியதற்கு மட்டும் பதில், அது நம் வீட்டு விஷயம். ஆமாம், உன் கடிதங்களை நான்தான் கொடுத்தேன். கோப்பில் உன் பெயரைப் பார்த்த அன்றைக்கே வீட்டுக்கு வந்து, அலமாரியிலிருந்து எடுத்து, மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவை உன் வாயால் நீயே சொன்னவை. அவற்றைவிட நல்ல சாட்சி உனக்கு இல்லை. நாளைக்குக் கேட்டாலும் கொடுப்பேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். கோபத்தோடு வெளியே வா. என்னோடு பேசாமல்கூட இரு, ஆனால் வெளியே இருந்துகொண்டு பேசாமல் இரு.

நானும் இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். நான் கேட்காத விடுமுறையை அவர்களாகவே கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுவதும் வீட்டில் இருந்தால்தான் தெரிகிறது, இந்த வீட்டில் எத்தனை சுவர்கள். என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். ஏன் திட்டுவதை நிறுத்தினாய் என்று. இருபது வருடம் அரசாங்கத்துக்கு உழைத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? வழக்கம் போல் எழுது என்றார்கள். முயன்றேன். பேனாவை எடுத்து மடையா என்று எழுதுவேன். நாளைக்கு உன்னை யாரோ பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள், இன்றைக்கு நான் உன்னை மடையா என்கிறேனே என்று கை நின்றுவிடும். கிழித்துப் போடுவேன். எத்தனை தாள் கிழித்தேன் என்று மாமாவைக் கேள், அவர்தான் குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டார். கடைசியில் கையில் வந்தது அந்த "மிக்க மகிழ்ச்சி"தான். உன்னைக் காப்பாற்ற ஒரு ஜாடையும் காட்டவில்லை, தம்பி. காட்டக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் அன்பே ஜாடையாகிவிட்டது.

அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்று படித்தவள் நான். படங்களும் பார்த்திருக்கிறேன். அதனால் சட்டத்தைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. உன்னைத்தான் திட்ட முடிகிறது. வாங்கிக்கொள்.

நீ வருவதாக எழுதிய கடிதம், நீ கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. மாடிப்படியில் நின்றே படித்தேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை, நானும் மேலே ஏறவில்லை. நேராகத் திரும்பி அலுவலகத்துக்குப் போனேன். ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் சொல்ல அனுமதி கேட்டேன். வழக்கைப் பற்றிச் சொல்லமாட்டேன், கணக்கைப் பற்றிச் சொல்லமாட்டேன், என் உடம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன் என்றேன். எங்கள் மேலதிகாரி மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீங்க அதைச் சொன்னா அவர் கிளம்பமாட்டார். அவர் கிளம்பலைன்னா நீங்க சொல்லிட்டீங்கன்னு அர்த்தம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் கண் கலங்கியது.

நீ கிளம்பிய அன்று சாயங்காலம் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குட்டி வந்து, "மாமாவுக்குப் போன் பண்ணப் போறியாம்மா?" என்றாள். விழுந்த பல்லுக்குப் பதில் புதுப் பல் முளைத்ததை உனக்குச் சொல்ல வேண்டுமாம். இல்லை என்றேன். அந்த வாக்கியம் வாய் வரைக்கும் வந்து நின்றது. சொல்லியிருந்தால் நீ பெட்டியைக் கீழே வைத்திருப்பாய், செருப்பைக் கழற்றியிருப்பாய், கட்டிலில் ஏறி உட்கார்ந்து "சே, இந்த அக்கா!" என்று சிரித்திருப்பாய். விமானம் கிளம்பும் நேரம் தாண்டும்வரை போனைக் கையில் வைத்திருந்தேன். பிறகு எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன்.

இப்போது அதைச் சொல்ல யாரும் தடுக்கவில்லை. சொல்லி ஒரு பயனும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், நம் இருவருக்கும் நடுவில் இருக்கும் அதிகாரிகளும் படித்துக்கொள்ளட்டும்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தம்பி. நான் நன்றாக இருக்கிறேன்.

உன் அக்கா